கீழ் ஈறில் நீலம் பாய்ந்த சிறு கட்டி: வேர் சிகிச்சையா, அறுவையா?

வினா

அனைவருக்கும் வணக்கம். நான் 56 வயதுப் பெண். ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன்பு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில், கோரைப்பல்லுக்கும் அதற்கடுத்த முன்கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, உதட்டை ஒட்டிய பக்கத்து ஈறில் மிளகளவு மேடு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கண்ணாடி முன் நின்று உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தால், அதன் உச்சி மட்டும் தோல் மெலிந்து நீலம் பாய்ந்தாற்போல் தெரிகிறது. சுற்றியுள்ள ஈறு வழக்கமான இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. வலி இல்லை, ரத்தக் கசிவு இல்லை, வாயில் கெட்ட சுவையும் இல்லை. அழுத்தினால் லேசாக அமுங்கி, விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

முதலில் பார்த்த பல் மருத்துவர் இதைச் சீழ்க்கட்டி என்று சொல்லி, ஐந்து நாட்களுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, கட்டி அப்படியே இருந்தது. மறுமுறை போனபோது, பக்கத்துப் பல்லுக்கு ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சை செய்தால் தானாக வற்றிவிடும் என்றார். அந்தப் பல்லில் சொத்தையோ அடைப்போ கிடையாது. குளிர்ந்த நீர் பட்டால் மற்றப் பற்களைப் போலவே கூசுகிறது. மனம் ஒப்பாமல் வேறொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லில் கோளாறு எதுவும் தெரியவில்லை, ஈறிலேயே தோன்றிய நீர்க்கட்டியாக இருக்கலாம், அரிதானதுதான், வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது என்றார்.

பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை. இது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு உண்டா? வேர் சிகிச்சையை முதலில் செய்து பார்ப்பதில் என்ன நட்டம்? வெட்டினால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர்)

வணக்கம் அம்மா. நேரில் பார்க்காமல் எவரும் நோயை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இடம், வயது, நிறம், வலியின்மை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, பெரியவர்களின் ஈறில் தோன்றும் நீர்க்கட்டி, அதாவது ஜிஞ்சிவல் சிஸ்ட் என்பதுதான் எனக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. பல் சார்ந்த நீர்க்கட்டிகளில் இது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. அதிலும் கீழ்த்தாடையின் கோரைப்பல், முன்கடைவாய்ப் பல் பகுதியைத்தான் அது விரும்பித் தேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கருவில் பற்கள் உருவாகும்போது அவற்றுக்கு வித்திடும் திசுப்பட்டை ஒன்று உண்டு. பற்கள் உருவானதும் அது சிதைந்து மறைந்துவிடும் என்றாலும், அதன் துணுக்குகள் சில ஈறுக்குள் அங்கங்கே தங்கிவிடுகின்றன. பல பத்தாண்டுகள் கழித்து அவற்றில் ஒன்று விழித்துக்கொண்டு, உள்ளே நீர் கோத்து, மெல்லிய பையாக உப்புகிறது. அதன் மேலே இருக்கும் சவ்வு மெலிந்துபோவதால் உள்ளிருக்கும் நீர் நீலமாகத் தெரிகிறது. ஆகவே இது கிருமித் தொற்று அல்ல. ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் முக்கியமானது என்பேன். பல்லின் உள்நரம்பு செத்து அழுகும்போது, வேர் நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்து ஈறின் மேல் ஒரு கொப்புளமாக வாய் திறக்கும். அந்த வகைக் கொப்புளத்துக்கு வேர் சிகிச்சை சரியான மருந்து. பல்லைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் கொப்புளம் தானே மறையும். ஆனால் அதற்கு அந்தப் பல் செத்திருக்க வேண்டும். உயிருள்ள பல்லில் வேர் சிகிச்சை செய்தால், நல்ல நரம்பை இழந்து, பல்லில் துளையிட்டு, பணமும் செலவழித்த பின்னும் கட்டி அதே இடத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல அறிகுறி. எனினும் வாய் முழுவதும் நீர் படும்போது எந்தப் பல் கூசுகிறது என்று நம்மால் பிரித்தறிய இயலாது. குளிர்ப் பொருளைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு பல்லின் மேலும் தனித்தனியே வைத்துப் பார்ப்பதும், மின்கருவியால் சோதிப்பதும் ஐந்து நிமிட வேலை. கோரைப்பல், முன்கடைவாய்ப் பற்கள் இரண்டு, ஒப்பிடுவதற்காக வலப்பக்கத்தில் அதே பற்கள் என ஆறையும் சோதித்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல் உயிருடன் இருக்கிறது என்று தெரிந்தபின், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் கம்பியை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். அந்தப் பல்லோரத்தில் ஆழமான பள்ளமும் சீழும் இருந்தால், அது ஈறு நோயால் வந்த சீழ்க்கட்டி. அதன் வழி வேறு. எக்ஸ்ரேயில் இரண்டு வேர்களுக்கும் நடுவே வட்டமாகவோ கண்ணீர்த்துளி வடிவிலோ கருநிழல் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படித் தெரிந்தால், ஈறு நீர்க்கட்டிக்கு உடன்பிறப்பு போன்றதும் எலும்புக்குள் வளர்வதுமான லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்ட் வெளிப்பக்கமாக எலும்பைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கலாம். அந்த நிழல் தெரியாதபோது சிபிசிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் தேவை என்று நான் கருதவில்லை.

புற்றுநோய் குறித்து: எட்டு மாதங்களாக அளவு மாறாமல், வழவழப்பாக, மென்மையாக, புண்ணின்றி இருக்கும் கட்டியில் அந்த அச்சம் மிகமிகக் குறைவு. பரிசோதனைக்கு அனுப்புவது புற்றுநோய் என்று சந்தேகித்து அல்ல. வாயிலிருந்து எதை வெட்டினாலும் அனுப்புவதே முறை. ஈறில் உப்பித் தெரிபவை பல வகை. ரத்தக்குழாய்க் கட்டி, நார்க்கட்டி, ராட்சத உயிரணுக் கட்டி என்று வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை உண்டு. அவற்றைப் பிரித்துச் சொல்வது நுண்ணோக்கிதான். உதட்டில் அடிக்கடி காணும் உமிழ்நீர்க் கொப்புளத்தோடும் இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்; பல்லை ஒட்டி இறுகப் படிந்திருக்கும் ஈறில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பொதுவாக இல்லாததால் அந்த வாய்ப்பு சிறிது.

ஒரு வேண்டுகோள். ஊசியாலோ நகத்தாலோ குத்திப் பார்க்க வேண்டாம்.

மறுமொழி 2 (இதே கட்டி இருந்தவர்)

மருத்துவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனெனில் அந்தத் தவறை நான் இரண்டு முறை செய்தவன். எனக்கும் அதே இடம், ஆனால் வலப்பக்கம். முதல் முறை நானே நகத்தால் கீறிவிட்டேன். தெளிந்த, சற்றே பிசுபிசுப்பான நீர் ஒரு துளி வந்தது; கட்டி அமுங்கியது; வெற்றி என்று நினைத்தேன். ஏழு வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஒரு மருத்துவமனையில் கத்திமுனையால் கீறி நீரை வெளியேற்றி அனுப்பிவிட்டார்கள். பையை எடுக்கவும் இல்லை, எதையும் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை. நான்கு மாதத்தில் மறுபடியும் அதே மேடு, இம்முறை அதன் மேல் வெள்ளைத் தழும்பு வேறு. பை உள்ளே இருக்கும்வரை நீர் ஊறத்தான் செய்யும் என்பதை மூன்றாவதாகப் பார்த்த ஈறு மருத்துவர்தான் விளக்கினார். முன்பு கீறியதால் பை ஈறோடு ஒட்டிப்போயிருக்கும், பிரிப்பது கடினம் என்று கொஞ்சம் கடிந்துகொள்ளவும் செய்தார்.

அறுவையைப் பற்றி அச்சம் வேண்டாம் அம்மா. மரத்துப்போகும் ஊசி போட்டபோது உண்டான சுருக்கென்ற வலி மட்டுமே வலி என்று சொல்லத்தக்கது. பல்லோரமாகவே கீறி, ஈறை ஒரு மடல் போல எலும்பிலிருந்து விலக்கி, அதன் உட்புறத்திலிருந்து பையைச் சுரண்டிப் பிரித்தெடுத்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த எனக்கு, கருவி எலும்பில் உரசும் ஓசை தாடை வழியாகக் காதுக்குள் கேட்டது. வலி இல்லை, ஆனால் அந்த ஓசை இன்றும் நினைவிருக்கிறது. எடுத்ததை ஒரு சிறு குப்பியில் போட்டுக் காட்டினார். மீன்கண் போல மங்கலான பளபளப்புடன், ஒரு பக்கம் கிழிந்த, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத சவ்வு. இதற்காகவா ஓராண்டு அலைந்தோம் என்றிருந்தது. நான்கு தையல்கள், பத்தாம் நாள் பிரித்தார்கள். அந்தப் பத்து நாளும் அவ்விடத்தில் தூரிகை படக்கூடாது என்று சொல்லி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு கொப்புளிக்கச் சொன்னார்கள். அதனால் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பின்பு சுத்தம் செய்தபோது போய்விட்டது. மூன்று ஆண்டுகளாகக் கட்டி திரும்பவில்லை.

மறுமொழி 3 (வாய் நோய்க்குறியியல் துறையில் பணிபுரிபவர்)

மேலே ஈறு மருத்துவர் கூறியவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. வெட்டியெடுத்த பிறகு நடப்பதைப் பற்றி நோயாளிகளுக்கு எவரும் சொல்வதில்லை; அறுவை செய்பவர்களிலும் சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்த நீர்க்கட்டியின் உட்சுவர் மிக மெல்லியது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பகுதியில் ஓரடுக்கு முதல் மூன்றடுக்கு வரை தட்டையான உயிரணுக்கள் மட்டுமே இருக்கும். இடையிடையே அந்தச் சுவர் திடீரென்று தடித்து ஒரு சிறு திட்டு போலப் புடைக்கும். அந்தத் திட்டுக்குள் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்புப் பொருள் நிறைந்த, வெளிறித் தெரியும் உயிரணுக்கள் இருக்கும். நாங்கள் தேடுவது இந்தத் திட்டுகளைத்தான். எங்கள் மேசைக்கு வரும் துண்டு ஐந்து மில்லிமீட்டர் அளவே இருக்கும்போது, அதில் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டு மீதியை அனுப்பினால், அடையாளம் காட்டும் திட்டு எந்தப் பாதியில் இருந்தது என்பதை யார் அறிவார்? எடுத்தது முழுவதும் வர வேண்டும். பை கிழிந்திருந்தாலும் சரி, கிழிந்த துணுக்குகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மெல்லிய சவ்வு, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழுந்ததும் சுருண்டுவிடும். முதலில் ஒரு சிறு தாள் துண்டின் மேல் விரித்து ஒட்டவைத்து, அரை நிமிடம் விட்டு, பிறகு 10 சதவீத ஃபார்மலினில் இடுவது நல்ல பழக்கம். திரவம் திசுவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். வெறும் உப்புநீரில் ஓரிரவு ஊறி, உருக்குலைந்து வந்து சேரும் துண்டுகளைப் பார்க்கும்போது எங்களுக்கு வரும் எரிச்சலை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

லேசர் கொண்டு எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ரத்தம் குறைவு, தையல் வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவ்வளவு சிறிய, இவ்வளவு மெல்லிய பையில் வெட்டோரம் முழுவதும் வெப்பத்தால் கருகிப்போனால், நாங்கள் பார்க்க எஞ்சுவது எதுவும் இராது. இந்தக் கட்டிக்குக் கத்திதான் சிறந்தது என்பது என் கருத்து.

இன்னொன்று. மருத்துவர் குறிப்பிட்ட லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்டும் ஈறு நீர்க்கட்டியும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இருக்குமிடம் மட்டுமே. ஒன்று எலும்புக்கு வெளியே, மற்றொன்று உள்ளே. எனவே வெட்டும்போது கட்டி எங்கிருந்தது, எலும்பு குழிந்திருந்ததா, குழி எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவர் எழுதி, எக்ஸ்ரேயையும் சேர்த்து அனுப்பினால்தான் எங்களால் சரியான பெயரைச் சொல்ல முடியும். ஈறு நீர்க்கட்டியும் அடியிலுள்ள எலும்பை அழுத்திக் கிண்ணம் போல லேசாகக் குழியச் செய்வதுண்டு. அது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஈறை விலக்கிய பிறகே தெரியும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், திரும்பி வரும் இயல்பு பெயருக்குப் பெயர் மாறுகிறது. ஈறு நீர்க்கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் திரும்புவது மிக அரிது. லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்டிலேயே திராட்சைக் கொத்துப் போலப் பல அறைகள் கொண்ட பாட்ரியாய்டு வகை திரும்பக்கூடியது. ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு பல் சார்ந்த நீர்க்கட்டி பெரும்பாலும் எலும்புக்குள் வளர்வது. மிக அரிதாக ஈறிலும் தோன்றும். அதன் சுவர் ஆறு முதல் எட்டு அடுக்கு வரை ஒரே சீராக இருக்கும். அடியடுக்கு உயிரணுக்களின் உட்கருக்கள் வேலிக்கால் நட்டாற்போல வரிசையாக நிற்கும். மேற்பரப்பு நெளிநெளியாக இருக்கும். இதைக் கட்டியாகக் கருதுவதா நீர்க்கட்டியாகக் கருதுவதா என்பதிலேயே குழப்பம் நிலவியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வகைப்பாடு அதைத் தீங்கற்ற கட்டிகளின் வரிசையில் சேர்த்தது, 2017 வகைப்பாடு மீண்டும் நீர்க்கட்டிகளிடமே கொண்டுவந்தது. எந்த வரிசையில் வைத்தாலும் அது திரும்பும் குணம் உடையது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவருக்கே பல இடங்களில் தோன்றினால் கோர்லின் நோய்க்கூட்டு என்னும் மரபணுக் கோளாறு இருக்கிறதா என்றும் தேட வேண்டும். வெளியே ஒரே நீல மேடாகத் தெரிகிற இவற்றை உள்ளே பிரித்துக் காட்டுவதற்குத்தான் அந்தக் குப்பி எங்களிடம் வர வேண்டும் என்கிறோம்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி: அந்த இடத்தில் இதற்கு முன்பு ஈறு ஒட்டு அறுவை எதுவும் செய்துகொண்டதுண்டா? ஒட்டிய திசுவோடு மேற்தோல் உயிரணுக்கள் உள்ளே புதைந்துபோய், ஆண்டுகள் கழித்து நீர்க்கட்டியாவதும் உண்டு.

மறுமொழி 4 (வேறொரு வாசகி)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகளின் ஒன்றரை மாதக் குழந்தைக்குக் கீழ் ஈறின் மேல்விளிம்பில் கடுகளவில் மூன்று வெண்புள்ளிகள் தெரிகின்றன. இவையும் இதே நீர்க்கட்டிதானா? வெட்ட வேண்டுமா?

மறுமொழி 5 (ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர்)

அதே திசுப்பட்டையின் மிச்சத்திலிருந்து வருபவைதான், ஆனால் பச்சிளங் குழந்தைகளில் இவை மிகச் சாதாரணம். நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம் உள்ளே நிறைந்திருப்பதால் வெண்மையாகத் தெரிகின்றன. தானே உடைந்து, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் மறைந்துவிடும். துணியால் தேய்க்கவோ கிள்ளவோ வேண்டாம். தொட்டால் கல் போலக் கடினமாக இருந்தாலோ அசைந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவிப் பல்லாக இருக்கக்கூடும்.

முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கு, ஈறு இறங்குமா என்பதற்கு நான் பதில் எழுத மறந்துவிட்டேன். கட்டி ஈறின் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது, மேலேயுள்ள ஈறு எவ்வளவு தடிப்பானது என்பதைப் பொறுத்தது. விளிம்புக்கு மிக அருகே இருந்து, மேற்சவ்வையும் சேர்த்து நீள்வட்டமாக வெட்டினால் சற்று இறங்க வாய்ப்புண்டு. மடல் போல விலக்கி உட்புறமிருந்து எடுத்தால் அந்த இழப்பு குறையும். மேற்சவ்வு காகிதம் போல மெலிந்திருந்தால் அண்ணத்திலிருந்து சிறு திசுத்துண்டு எடுத்து அடியில் வைத்துத் தைப்பதும் உண்டு. முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே, கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வருகிறது. மடலைக் கீழே நீட்டும்போது அதைக் கண்டு விலக்கிச் செய்பவரிடம் போவது நல்லது. அறுவைக்கு முன் அதைப் பற்றிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வினா எழுப்பியவர், ஏழு வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. ஒட்டு அறுவை எதுவும் நான் செய்துகொண்டதில்லை. ஆறு பற்களையும் தனித்தனியே சோதித்தார்கள். ஆறும் உயிருடன் இருந்தன. அறுவைக்கு முன் மருத்துவரிடம், எடுத்தது முழுவதையும் அனுப்புவீர்களா, தாளில் விரித்து வைப்பீர்களா என்று கேட்டேன். அவர் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டு, எங்கே படித்தீர்கள் என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எலும்பில் பயற்றம்பருப்பு பதியும் அளவுக்குக் குழி இருந்ததாகவும், வேருக்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னார்கள். அறிக்கை பன்னிரண்டாம் நாள் வந்தது: மெல்லிய மேற்தோல் சுவர், இரண்டு இடங்களில் திட்டுபோல் தடிப்பு, வெளிறிய உயிரணுக்கள், பெரியவர்களின் ஈறு நீர்க்கட்டி. உதட்டு உணர்வு நன்றாக இருக்கிறது. முன்கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் ஈறு அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. இது நீடிக்குமா? இன்னும் எத்தனை நாள் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

மறுமொழி 6 (ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர்)

மகிழ்ச்சி அம்மா. அரை மில்லிமீட்டர் இறக்கத்துக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. ஈறு முதிர்ந்து இறுகச் சில மாதங்கள் ஆகும், கூச்சமும் அதற்குள் பெரும்பாலும் தணியும். அதுவரை மென்மையான தூரிகையும் கூச்சத்துக்கான பற்பசையும் போதும். குறுக்காக அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஆறாம் மாதம் ஒரு முறை, ஓராண்டு முடிவில் எக்ஸ்ரேயுடன் ஒரு முறை காட்டுங்கள். அதன்பின் வழக்கமாகப் பற்களைச் சுத்தம் செய்யப் போகும்போது அந்த இடத்தையும் பார்க்கச் சொன்னால் போதுமானது. அறிக்கையின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் எப்போதாவது மேடு தென்பட்டால், புதிய மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வினா எழுப்பியவர்

வைத்துக்கொண்டேன் ஐயா. எக்ஸ்ரேயையும் அதோடு சேர்த்து ஒரே உறையில் போட்டிருக்கிறேன்.